ஆர்வம் பல, தலைப்பு ஒன்று: கள ஆய்வு இடுபணிக்கு மையப்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



“டீச்சர், எனக்கு எல்லாமே பிடிக்குது. எதைப் பத்தி எழுதுறதுன்னுதான் தெரியல.”

இடுபணி தொடங்கும் நேரத்தில் வகுப்பில் இந்தக் குரல் கேட்காமல் இருக்காது. இப்படிக் கேட்கும் மாணவர் பெரும்பாலும் சோம்பேறியாக இருப்பதில்லை. நிறைய படிக்கிறவர், நாலு விஷயத்தைக் கவனிக்கிறவர்தான் இப்படித் திண்டாடுவார். ஒன்றைத் தொட்டால் மற்றது போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடுபணியில் அடைக்கப் பார்ப்பார். இல்லையென்றால் முடிவெடுக்காமலே வாரங்களைக் கடத்திவிட்டு, கடைசியில் இணையத்தில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவார்.

நீங்கள் இந்த நிலையில் இருந்தால், இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

‘மலாக்காத் தமிழர் வரலாறு’ ஏன் தலைப்பாகாது?

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். ‘மலாக்காத் தமிழர் வரலாறு’ என்று ஒரு மாணவர் தலைப்பு எழுதுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று சொற்களுக்குள் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்.

15-ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தானகத்தின் துறைமுகத்துக்கு வந்த தமிழ் வணிகர்கள் இருக்கிறார்கள். 1511-இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய காலத்தில் செல்வாக்கோடு இருந்த வணிகர் நைனா சத்து இருக்கிறார். அந்த வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் இன்றும் காஜா பேராங்கில் வாழ்கிறார்கள். வீட்டில் மலாய் பேசுவார்கள், இந்து சமயத்தைக் கைவிடாமல் காப்பார்கள். அவர்களுடைய ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் 1781-இல் எழுந்தது.

தோட்டத்துத் தமிழர்களின் கதை வேறு. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்டதன் தொடக்கம் அதுதான். பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. அப்படி உருவான தோட்டங்களுக்குக் கங்காணி வழியாக வந்தவர்கள்தாம் நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன்மார்.

இரண்டு கூட்டத்தாருக்கும் இடையே சில நூறு ஆண்டு இடைவெளி. வந்த காரணம் வேறு, வாழ்ந்த முறை வேறு, இன்று பேசும் மொழியும் வேறு. இருபது பக்கத்தில் இரண்டையும் எழுதினால் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துவிட்டு ஓட வேண்டியதுதான். படிப்பவருக்கு ஆண்டுகள் மட்டும் மிஞ்சும்.

உ.வே.சா.வுக்குக் கிடைத்த ஒரு கேள்வி

இந்தச் சிக்கல் பெரியவர்களுக்கும் வந்ததுதான். உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குத் தெரியாத சிற்றிலக்கியம் குறைவு. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டிருந்தார். இசையிலும் பயிற்சி உண்டு; கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் கற்றவர்.

அவ்வாண்டு அக்டோபரில் அவர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று பழைய நூல்களைப் பற்றிக் கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அந்த ‘இல்லை’தான் அவருக்குப் பாதையைக் காட்டியது. சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று தொடர்ந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம். முதலாவது, அவருக்கு மையப்பொருளாக அமைந்தது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றல்ல. பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வி. இரண்டாவது, மற்ற ஆர்வங்கள் வீணாகவில்லை. சிலப்பதிகாரத்தில் இசை பற்றிய பகுதிகள் வந்தபோது இசையறிவு கைகொடுத்தது. பின்னாளில் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் மற்றதை இழந்துவிடவில்லை, பார்த்தீர்களா?

நான்கு படிகள்

இனி நம் வேலைக்கு வருவோம். ஜாசின் பக்கம் வசிக்கும் ஒரு படிவம் 6 மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு நான்கு ஆர்வம்: பாட்டி பால்மரம் வெட்டிய கதை, தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா, தான் படித்த தமிழ்ப்பள்ளி, மலாக்கா செட்டிகள்.

படி 1: ஒவ்வோர் ஆர்வத்தையும் கேள்வியாக மாற்றுங்கள். ‘திருவிழா’ என்பது வெறும் பொருள். ‘தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் திருவிழாவுக்கு மட்டும் ஏன் திரும்பி வருகின்றன?’ என்பது கேள்வி. கேள்வியாக மாற்ற முடியாத ஆர்வத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதில் உங்களுக்கு ரசனை இருக்கிறது, ஆய்வுக்குரிய ஐயம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

படி 2: யார் பதில் சொல்வார், எங்கே ஆதாரம் கிடைக்கும் என்று எழுதுங்கள். பேச ஓர் ஆள், பார்க்க ஓர் ஆவணம், போய்வர ஓர் இடம், மூன்றும் இருக்கிறதா? நம் மாணவிக்கு மலாக்கா செட்டிகள் மீது ஆசை இருக்கிறது. ஆனால் காஜா பேராங்கில் அறிமுகம் யாரும் இல்லை, போய்வரவும் ஒரே ஒரு வாரக் கடைசிதான் கிடைக்கும். பாட்டியோ வீட்டிலேயே இருக்கிறார். அவருடைய பழைய தோழிகளும் அதே வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

படி 3: எது காத்திருக்காது என்று கேளுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். 1781-இல் எழுந்த ஆலயம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். 1960-களில் இளவயதில் உளி பிடித்தவர்களுக்கு இன்று 80 வயதை ஒட்டி ஆகிவிட்டது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதையும், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியதையும் நேரில் கண்டு சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தலைப்பு முடிவாகாமல் நீங்கள் தள்ளிப்போடும் ஒரு தவணைக்குள் அந்தக் குரலே இல்லாமல் போகலாம். புள்ளியைப் பிறகு ஈடுகட்டலாம், இதை ஈடுகட்ட முடியாது.

படி 4: வேலி போடுங்கள். எந்த இடம், எந்தக் காலம், யார்? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இராம சுப்பையா 1969-இல் ‘தமிழ் மலேசியானா’ என்ற நூற்பட்டியலை வெளியிட்டார். தமிழ் நூல்களைப் பற்றிய பட்டியல்தான். ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்தவை மட்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டார். அந்த எல்லை இருந்ததால்தான் அந்நூலை ஆய்வாளர்கள் நம்பிக் கையில் எடுக்க முடிகிறது.

நான்கு ஆர்வமும் ஒரு கேள்விக்குள்

நான்கு படியையும் கடந்த நம் மாணவி இப்படி ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்: ‘பாட்டி வேலை செய்த தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, லயத்துக் குடும்பங்களின் அன்றாட நேரம் எப்படி மாறியது?’

சின்னக் கேள்விதான், ஆனால் ஆழம் உண்டு. பால்மரத்தை விடியற்காலையிலேயே வெட்ட வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. அதனால் ஒரு குடும்பத்தின் தூக்கம், சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாமே மரத்தின் நேரப்படிதான் நடந்தன. செம்பனைக்கு அந்த விடியற்காலைக் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு குலையே 10 முதல் 25 கிலோவரை கனக்கும். அதே பரப்புக்கு ரப்பரைவிடக் குறைந்த ஆள் போதும். அப்படியானால் பால் வெட்டிய பெண்கள் என்ன ஆனார்கள்? ஆள் குறைந்த தோட்டத்தில் பள்ளிக்கு யார் வந்தார்கள்? திருவிழாவை யார் எடுத்து நடத்தினார்கள்?

கவனித்தீர்களா? பாட்டி, பள்ளி, கோவில் மூன்றும் தாமாகவே உள்ளே வந்துவிட்டன. மூன்றும் தனித்தனி அத்தியாயமாக முட்டிக்கொள்ளாமல், ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கின்றன. செட்டிகள் மட்டும் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு தனிக் குறிப்பேடு போடுங்கள். தோன்றுவதை அதில் எழுதி வையுங்கள். அது அடுத்த இடுபணி. ஒருவேளை பல்கலைக்கழகத்தில் உங்கள் ஆய்வேடாகவும் ஆகலாம்.

பாட்டியிடம் போகும்போது ‘தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். “கஷ்டம்தான் கண்ணு” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். “காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க பாட்டி? சோறு எப்ப ஆக்குவீங்க? பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போவீங்க? மழை பேஞ்சா அன்னிக்கு என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். கேள்வி கூர்மையாக இருந்தால்தான் பதிலில் உயிர் இருக்கும். தலைப்பு கூர்மையாக இருந்தால்தான் கேள்வி கூர்மையாக அமையும்.

தேர்ந்தது தவறாகிவிட்டால்?

ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். ஒரு நேர்காணல் எடுத்து, இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் புதிய ஐயங்கள் வந்தால் தலைப்பு சரி. சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றினால் வேலியை நகர்த்துங்கள். காலத்தையோ இடத்தையோ மாற்றுங்கள். உடனே புதுத் தலைப்புக்குத் தாவ வேண்டாம். சிந்தாமணிக்கு உ.வே.சா. ஏழு ஆண்டு எடுத்துக்கொண்டார். நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, ஒரு வாரப் பொறுமையாவது வேண்டாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர் பெரிய தலைப்போடு வந்தால் ‘இது சரிவராது, இதை எழுது’ என்று நாமே ஒன்றைக் கையில் கொடுத்துவிடாமல் இருப்போம். அப்படிக் கொடுத்த தலைப்பில் அவருடைய மனம் ஒட்டாது. அதற்குப் பதில் மூன்றே கேள்வி கேட்போம்: உனக்கு இதில் என்ன தெரியவில்லை? யாரிடம் கேட்பாய்? அவர் எவ்வளவு காலம் காத்திருப்பார்? மூன்றாவது கேள்விக்கு மாணவர் அமைதியாகிவிட்டால், அவர் தலைப்பை நெருங்கிவிட்டார் என்று பொருள்.

மாணவர்களே, இன்றே ஒரு தாளை எடுங்கள். உங்கள் ஆர்வங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வியும் ஒரு மனிதரின் பெயரும் எழுதுங்கள். அந்தப் பெயர்களில் மூத்தவர் யாரோ, அவரிடம் இந்த வாரக் கடைசியிலேயே போய் உட்காருங்கள்.