விலை பத்து ரூபாய்!

கோட்டூர்புரத்திலே அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்டது. வேலை முடிந்து வீடு திரும்பும் தோழர்கள் அந்த மாடிகளை அண்ணாந்து பார்த்துச் செல்கின்றனர். நாம் அவ்வழியே போகும்போதெல்லாம் நம் நெஞ்சில் நிழலாடுபவர், அண்ணாவோடு கழகப் பணியாற்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

அமெரிக்க அடிமை ஒழிப்பு என்றதும் 1852-ல் ‘டாம் மாமாவின் குடிசை’ எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையாரைப் புகழ்வார்கள். புகழட்டும்! ஆனால் அவர் அடிமையல்லர். கண்டு கலங்கி எழுதியவர். அடிமையாகவே பிறந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற மாது, எசமானனின் தொல்லைக்குத் தப்பி, நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத பரணில் ஏறத்தாழ ஏழாண்டு ஒளிந்து கிடந்து, பின்னர் 1861-ல் தன் கதையைத் தானே எழுதினார், அதுவும் புனைபெயரில். நம் அம்மையார் இந்த இரண்டாவது வரிசை!

1883-ல் பிறந்த குழந்தையை, வறுமை தாளாமல், மூவலூர்த் தாசி ஒருவரிடம் பத்து ரூபாய்க்கும் ஒரு பழம் புடவைக்கும் விற்றனர் என்கிறது அவர் வரலாறு. அங்கே சந்தையிலே விற்றான். இங்கே சந்நிதியிலே பொட்டுக் கட்டினான். அங்கே சாட்டை, இங்கே சாத்திரம். கிழவர் ஒருவருக்கு உரிமையாக்கப் பார்த்தபோது, அந்தப் பெண் மறுத்தார். தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை மணந்தார்.

பக்தி மட்டுமா கட்டிவைத்தது? நிலமும் கட்டிவைத்தது, தோழர்களே! பொட்டுக் கட்டினால்தான் மானிய நிலம். மறுத்தால் சோறு போய்விடும். 1929-ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஊழியம் செய்யாமலே நிலம் அப்பெண்களுக்கே என்றது. அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரை எதிர்த்து வாதாடியவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டம் வர 1947 ஆயிற்று.

இடையிலே, 1936-ல், இராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். தலைப்பைப் பார்த்தால் தாசிகளைத்தான் சாடுகிறார் போலத் தோன்றும். அந்தக் கடுமை நமக்கும் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் வலை பின்னுவோரைக் காட்டியவர், வலையை அறுத்து வெளியேறும் பெண்களையும் காட்டினார். வெளியேறி நின்றவரின் எழுத்தல்லவா அது!

எழுதியதோடு இருந்தாரா? 1938 ஆகஸ்டிலே திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தி எதிர்ப்புப் படையோடு, ஐம்பத்தைந்து வயதில் நடந்தார். அவ்வாண்டு நவம்பரில் சிறை புகுந்தார். 1949-ல் திராவிட முன்னேற்றக் கழகத்தில் நின்றார். 1962 ஜூன் 27-ல் மறைந்தார்.

1989-ல் கலைஞர் ஆட்சி, ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. தாலிக்கு உதவுவதைவிட ஏட்டுக்கு உதவுவதே அம்மையார் பெயருக்கு ஏற்றதென்று நாம் எண்ணியதுண்டு. 2022-ல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாயிற்று: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு, மாதம் ஆயிரம் ரூபாய், அவள் கணக்கிலேயே.