ஒளியைப் பங்கு போடும் வில்லை

சித்தப்பாவுக்குக் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் பெண் ஒரு அட்டையை நீட்டினார். லென்ஸ்களின் பெயர்கள், கீழே போகப் போக விலை ஏறியது. கடைசி வரியில் ‘மல்டிஃபோகல்’. சித்தப்பா என் பக்கம் திரும்பி, “விலை கூடினதுதான் நல்லதா இருக்கும், என்னடா சொல்றே?” என்றார். அரிசியிலும் செருப்பிலும் நாம் பழகிய கணக்கு அது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பிறக்கும்போது நமக்கு வாய்க்கும் விழிவில்லை ரப்பர் போல நெகிழும். கிட்டத்தில் பார்க்கும்போது உப்பும், தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும். நாற்பது வயதை ஒட்டி அது இறுகத் தொடங்குகிறது. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோம். வெள்ளெழுத்து என்கிறோம். இன்னும் வயதாகும்போது அதிலுள்ள புரதங்கள், வேகும் முட்டையின் வெள்ளைக்கரு போல, தெளிவு கெட்டு வெளுக்கின்றன. அதுதான் புரை. அறுவையில் மீயொலி அதிர்வால் அந்த வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அது இருந்த பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸ், 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை வழியே சுருண்டு உள்ளே போய், விரிந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த யோசனைக்கு வித்திட்டவர் ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்து தங்கியும் கண் அவற்றை ஒதுக்காததை அவர் கவனித்தார். 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பொருளால் செய்த லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் பலர் பல ஆண்டுகள் அவரை எதிர்த்தார்கள். நம் ஊரிலோ வெகுகாலம் புரை எடுத்தவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்தது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த லென்ஸை இங்கேயே செய்து எளியவர் கைக்கு எட்ட வைத்தது. அட்டையின் முதல் வரியில் இருக்கும் ‘சாதா’ லென்ஸின் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது. அதை மட்டமாக நினைக்க யாருக்கும் காரணமில்லை.

அந்தச் சாதா லென்ஸுக்குக் குவியம் ஒன்றுதான். வழக்கமாகத் தூரப் பார்வைக்கு அமைப்பார்கள். படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் இந்தக் கண்ணாடியைத் தவிர்க்கப் பார்க்கிறது. எப்படி என்பதுதான் சுவாரசியம். இயற்கை வில்லையைப் போல அது உருமாறுவதில்லை. அதன் முகத்தில் மைக்ரோமீட்டர் உயரப் படிக்கட்டுகள், குளத்தில் கல்லெறிந்த அலைபோல வட்ட வட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. படிகளைக் கடக்கும் ஒளி அலைகள் சற்றே முன்பின்னாகி, ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டு அல்லது மூன்று இடங்களில் குவிகின்றன. மூன்று குவிய லென்ஸில் ஏறக்குறையப் பாதி ஒளி தூரத்துக்கு. மீதி, படிக்கும் தூரத்துக்கும் கணினி, அடுப்படி போன்ற கைநீட்டுத் தூரத்துக்கும். ஒரு பகுதி எந்தக் குவியத்திலும் சேராமல் வீணாகிறது.

ஆக, ஒளி பங்கு போடப்படுகிறது. எந்த நேரமும் விழித்திரையில் ஒரு தெளிவான பிம்பமும், அதன்மேல் படிந்த மங்கல் பிம்பங்களும் சேர்ந்தே விழுகின்றன. தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ள மூளைதான் பழக வேண்டும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். பகலில் இது பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே வரும் முகப்பு விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். மங்கலான வெளிச்சத்தில் சாம்பல்நிறச் சாலையில் சாம்பல்நிற மாடு நிற்பது பிடிபடத் தாமதமாகும். வெளிச்ச வேறுபாட்டை உணரும் திறன் குறைவதால் வருவது இது. செய்நேர்த்தி கூடிய லென்ஸில் தொல்லை குறையலாம். ஒளியைப் பிரிக்கும்வரை முழுக்கப் போகாது.

அதனால்தான் சர்க்கரை நோயால் விழித்திரை பழுதானவர்களுக்கும், கண் நீர் அழுத்தத்தால் நரம்பு தேய்ந்தவர்களுக்கும் மருத்துவர்கள் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே குறைந்துபோன பார்வையை மேலும் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? அளவெடுப்பிலும் பிசகக் கூடாது. கண்ணின் நீளத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் ஏறக்குறைய 3 பவர் மாறிவிடும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அதையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

இடையில் ஒரு வகை இருக்கிறது. ஒரே குவியத்தைச் சற்று இழுத்து நீட்டுவது. தூரமும் கைநீட்டுத் தூரமும் நன்றாகத் தெரியும், பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம். வளையத் தொல்லை பொதுவாகக் குறைவு. எனக்கு இந்தச் சமரசம் பிடித்திருக்கிறது.

அந்த அட்டையில் இல்லாத வழியும் ஒன்று உண்டு. இரண்டு சாதா லென்ஸ்கள். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைப்பது. ஒளி பிரிவதில்லை. ஆனால் ஆழம் மதிப்பிடுவது கொஞ்சம் பாதிக்கப்படும், எல்லோருக்கும் பிடிக்காது. கூடுதல் விலை இல்லாததாலோ என்னவோ, கேட்டால்தான் சொல்கிறார்கள். கேளுங்கள்.

சித்தி மூன்று ஆண்டுக்கு முன்பே மூன்று குவிய லென்ஸ் வைத்துக்கொண்டவர். வீட்டில் தையல் வேலை. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுவதில்லை. “தெருவிளக்கு மட்டும் சங்குசக்கரம் சுத்துற மாதிரி இருக்கும், பழகிட்டேன்” என்பார். சித்தப்பாவுக்கோ வேலை, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நள்ளிரவில் காய்கறி லோடு ஏற்றிப் போவது. மருத்துவர் அவரிடம் முதலில் கேட்டதே “ராத்திரி வண்டி ஓட்டுவீங்களா?” என்றுதான். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. வலக்கண்ணில் சாதா லென்ஸ், தூரத்துக்கு.

அடுத்த மாதம் இடக்கண். சந்தைச் சீட்டில் இருக்கும் எடையை மட்டும் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியுமா என்று இப்போது கேட்டிருக்கிறார். அந்தக் கண்ணைக் கொஞ்சம் கிட்டத்துக்கு, 1 பவருக்குள் வைத்துப் பார்க்கலாம், அதற்குமுன் சோதனைக் கண்ணாடி போட்டு ஒரு நாள் நடந்து பாருங்கள் என்றிருக்கிறார் மருத்துவர். சனிக்கிழமை போகிறோம்.