செம்பும் அமிலமும் சேரும் கடலில் பாசியின் பாடு

இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, கடற்பாசி கரியமில வாயுவை உறிஞ்சிப் புவி வெப்பத்தைத் தணிக்கும், கன உலோகங்களைப் பிடித்துக் கடலைத் தூய்மையாக்கும் என்ற இரு புகழுரைகளும் அதன் வணிக மதிப்போடு சேர்ந்தே ஒலிக்கின்றன. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், உறிஞ்சும் உயிருக்கு என்ன நேர்கிறது என்று ஆராயாமல் அவற்றை ஏற்பது ஆபத்தானது.

மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை எனப்படும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினேட் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்துள்ளன. அவற்றில் குலுரோனிக் அமில அலகுகள் தொடர்ந்து வரும் பகுதிகள் மடிந்து, முட்டைத் தட்டைப் போல வரிசையாகக் குழிகளை உண்டாக்குகின்றன. ஒரு தட்டின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்தால் இடையிலுள்ள முட்டைகள் அசையாமல் நிற்பதுபோல, எதிர்மின்னூட்டம் கொண்ட இரு சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் அயனிகள் அமர்ந்து சுவரை இறுக்குகின்றன. இத்தட்டு கால்சியத்தைவிட ஈயம், செம்பு, காட்மியம் ஆகியவற்றை இறுகப் பற்றுவதால், அவை வந்ததும் நல்ல முட்டையை வெளியே தள்ளிவிட்டுக் கூழ்முட்டைக்கு இடமளிக்கிறது. தட்டில் அடுக்கியதால் கூழ்முட்டை நல்லதாகிவிடாது என்பதுபோல, பிடிபட்ட உலோகமும் அழிவதில்லை, பாசியை மேயும் உயிர்களுக்கும் பாசி மக்கும் சேற்றுக்கும் அது போய்ச் சேர்கிறது.

  

சுவரைக் கடந்து உள்ளே நுழையும் செம்பு, ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்கள் நகரும் பாதையைத் தடுத்து, செல்லைச் சிதைக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்களைப் பெருக்குகிறது. முதிர்ந்த பாசியைவிட, இனப்பெருக்கத்திற்கென வெளியாகும் சிதல்களும் இளந்தளிர்களுமே இதற்கு எளிதில் இரையாகின்றன; கப்பலின் அடிப்பகுதியில் பாசி பற்றாதிருக்கச் செம்பு கலந்த வண்ணம் பூசப்படுவது இதனால்தான்.

இந்நிலையில், கரியமில வாயு கரைவதால் கடல் அமிலமயமாதலும் சேர்ந்துகொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல்மேற்பரப்பின் பிஎச் மதிப்பு இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. மடக்கை அளவுகோலில் இச்சிறு இறக்கம் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 சதவீதம் கூடியதைக் குறிக்கிறது. ஆய்வகத்தில் கடும் அமிலத்தால் கழுவினால் பாசி பிடித்த உலோகம் கழன்றுவிடும் என்றாலும், கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதாகையால் அங்கே அவ்வாறு நேர்வதில்லை. உண்மையான மாற்றம் நீரில் நிகழ்கிறது: செம்பின் ஒரு பகுதியைக் கட்டி வைத்திருக்கும் கார்பனேட் அயனிகள் பிஎச் இறங்கும்போது குறைவதால், பாசிக்குள் எளிதில் புகவல்ல தனிச் செம்பு அயனிகளின் பங்கு உயர்கிறது. கழிவின் அளவு கூடாமலேயே அதன் நச்சு கூடுகிறது.

கரியமில வாயு மிகுந்தால் பாசி செழிக்கும் என்ற வாதமும் முழுமையானதன்று. பெரும்பாலான பாசிகள் நீரிலுள்ள பைகார்பனேட்டை ஏற்கெனவே பயன்படுத்துவதால் அவற்றிற்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை சிறிதே. எளிதில் கரையும் மக்னீசிய மிகுதியான கால்சைட்டால் உடலைக் கட்டும் சுண்ணாம்புச் செம்பாசிகளுக்கோ கரியமில வாயுவின் மிகுதி நேரடி இழப்பு.

ஆகவே பாசி வளர்க்கும் நீரில் செம்பையும் பிஎச் மதிப்பையும் ஒருங்கே அளப்பதும், உணவுக்கும் உரத்திற்கும் செல்லும் பாசியில் உலோகச் சோதனையைக் கட்டாயமாக்குவதும் உடனடித் தேவைகள். கழிவை அது பிறக்கும் ஆலையிலேயே தடுக்காமல், தூய்மைப்படுத்தும் பொறுப்பைப் பாசியின்மேல் ஏற்றுவது அறிவியலாகாது.