நாபியில் மூளும் வெப்பம்

யோக நூல்கள் சொல்லும் சக்கரங்கள் உடலுக்குள் இருக்கின்றனவா என்ற விவாதம் நெடுங்காலமாக ஒரே இடத்தில் சுற்றுகிறது. ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி, இளமையில் கங்கையில் மிதந்துவந்த பிணமொன்றைக் கரைக்கு இழுத்து அறுத்துப் பார்த்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நூல்கள் தாமரைகளாக வருணித்த சக்கரங்கள் உள்ளே இல்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் விட்டுவிட்டார். அடுத்த நூற்றாண்டில், 1927இல், பம்பாய் மருத்துவர் வசந்த் ரேலே, சக்கரங்கள் வழியே மேலேறுவதாகச் சொல்லப்படும் குண்டலினி என்பது வலப்புற வேகஸ் நரம்புதான் என்று ஒரு புத்தகமே எழுதினார். இல்லை என்றவரும் இதோ என்றவரும் சக்கரத்தை ஓர் உறுப்பாகவே எண்ணினார்கள். கேள்வியைச் சற்று மாற்ற வேண்டும். மூச்சும் கவனமும் உடலின் ஓரிடத்தில் குவியும்போது அங்கே என்ன நடக்கிறது? இதற்கு அளந்து சொல்லக்கூடிய விடைகள் இருக்கின்றன.

திபெத்திய பௌத்தத்தின் 'தும்மோ' பயிற்சியைப் பாருங்கள். மூச்சை இழுத்து அடிவயிற்றுக்குத் தள்ளி, வயிற்றுத் தசைகளையும் இடுப்புத் தசைகளையும் இறுக்கி, வயிறு குடமாகத் திரளும்படி அடக்கிவைக்கிறார்கள். கூடவே, நாபியில் தீ மூண்டு நடுநாடி வழியாக உச்சி வரை ஏறுவதாக மனத்தில் காண்கிறார்கள். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தர்மசாலாவில் மூன்று துறவிகளைச் சோதித்து, கைகால் விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை கூடியதாக 1982இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். விரலுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்தாலே விரல் சூடாகும். உடலின் உள்வெப்பமே உயர்ந்ததா என்ற கேள்வி அப்படியே நின்றது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மரியா கொஷெவ்னிகோவ் குழு திபெத்திய மடங்களுக்கே போய் அதை அளந்து 2013இல் வெளியிட்டது. அக்குள் வெப்பம் 38.3 டிகிரி வரை ஏறியது, அதாவது லேசான காய்ச்சல் அளவுக்கு. மூச்சை வலுவாகப் பிடித்த கட்டத்தில் மட்டுமே இது நடந்தது. மென்மையான மூச்சில் நடக்கவில்லை. தியானப் பழக்கமில்லாத மேலைநாட்டவருக்கு, தீயைக் காணும் பகுதியை நீக்கி, மூச்சு முறையை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கும் வெப்பம் கூடியது. ஆனால் துறவிகள் எட்டிய அளவுக்குப் போகவில்லை. வெப்பத்தை மூட்டுவது இறுகிய தசையும் மூச்சும். அது தணியாமல் நெடுநேரம் நிற்க உதவுவது மனத்தில் கண்ட தீ. சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் மூச்சின் பங்கையும் மனத்தின் பங்கையும் இப்படிப் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் அரிது.

மெதுவான மூச்சுக்கு வேறொரு கணக்கு. திருமந்திரம் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, அடக்கும் கும்பகத்துக்கு 64, விடும் ரேசகத்துக்கு 32 மாத்திரை வகுக்கிறது. மாத்திரையைக் கண்ணிமைப் பொழுது என்றே வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு ஓரிரு மூச்சுதான் தேறும்; நாமோ 12 முதல் 20 தடவை விடுகிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. நிமிடத்துக்கு 6 என்று குறைத்தாலே உடல் மாறுகிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு விரைகிறது, விடும்போது தணிகிறது. ரத்த அழுத்தமும் தன்பாட்டில் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. மூச்சின் தாளம் இதோடு இணையும்போது, அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டி குழு 2001இல் ஒன்றைக் கவனித்தது: கத்தோலிக்க ஜெபமாலையின் லத்தீன் மந்திரமும் 'ஓம் மணி பத்மே ஹூம்' உச்சாடனமும் மூச்சைத் தாமாகவே இந்த 6க்குக் கொண்டுவந்துவிடுகின்றன. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலியின் மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தை உண்டாக்கும் இடத்திலேயே, ஏறத்தாழ 175 நரம்பணுக்களைக் கண்டறிந்தார்கள். விழிப்பையும் பரபரப்பையும் தூண்டும் மையத்துக்கு மூச்சின் செய்தியை அனுப்புபவை அவை. அவற்றை அழித்ததும் எலிகள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டன.

சக்கரங்கள் நுண்ணுடலைச் சேர்ந்தவை, கருவிக்குள் அகப்படாது என்பார்கள். அப்படியானால் அவற்றைக் கண்டவர்களின் கணக்காவது ஒத்துப்போக வேண்டும். தாந்திரிகர் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய நூல் ஆறு சக்கரங்களையும் அவற்றுக்கு மேலே உச்சியில் சகஸ்ராரத்தையும் சொல்கிறது. பௌத்தத் தந்திர நூலான ஹேவஜ்ரம் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. 1927இல் அடையாற்றில் புத்தகம் வெளியிட்ட பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், ஆறில் இரண்டாவதான சுவாதிட்டானத்தை விட்டுவிட்டு மண்ணீரலில் ஒன்றை வைத்தார். இந்த முரண்பாடு பழைய நூல்களுக்கு இழுக்காகாது. இந்த இடத்தில் இந்தத் தாமரையை, இந்த எழுத்தை, இந்தத் தெய்வத்தைத் தியானி என்று வழிநடத்துவதே அவற்றின் வேலை. பயிற்சி மாறினால் படமும் மாறும்.

அப்படியென்றால் எல்லாம் வெறும் கற்பனைதானே என்று மறுதரப்பு கேட்கும். 'வெறும்' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. புளியங்காயை நினைத்த மாத்திரத்தில் வாயில் எச்சில் ஊறுகிறது. அந்த எச்சில் உண்மையானது. பின்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் சுமார் 700 பேரிடம் மனித உருவப் படத்தைக் கொடுத்து, எந்த உணர்ச்சியை உடலில் எங்கே உணர்கிறீர்கள் என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். ஐரோப்பியரும் தைவான்காரர்களும் பெரும்பாலும் ஒரே இடங்களைத்தான் காட்டினார்கள். அச்சமும் கோபமும் நெஞ்சில் திரண்டன, அருவருப்பு தொண்டையிலும் வயிற்றிலும். நாபி, இதயம், கண்டம் என்று யோகிகள் தேர்ந்த இடங்கள் இவற்றுக்கு வெகு அருகில் இருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கவனம் அங்கே தங்க வேண்டும் என்றால், ஏற்கெனவே உணர்வு திரளும் இடத்தைக் காட்டுவதுதான் நல்ல ஆசிரியரின் வழி.

உறுப்பையும் பயிற்சியையும் பிரித்துப் பார்க்காவிட்டால் ஆபத்தும் உண்டு. பஸ்திரிகை என்னும் பயிற்சியில் துருத்தி போல மூச்சை வேகவேகமாக இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உதடும் விரல்களும் மரத்துச் சிலிர்க்கின்றன, தலை லேசாகிறது. முதுகில் ஏதோ ஏறுவதாகத் தோன்றும் இந்த நிலையைச் சக்தி எழும்புகிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஊதச் சொல்லும் ஆசிரியர், மாணவரை மயக்கத்துக்கு அனுப்புகிறார். உயர் ரத்த அழுத்தமோ வலிப்போ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக மூச்சையும் நீண்ட கும்பகத்தையும் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் சிலிர்ப்பு வந்தால் மூச்சை இயல்புக்கு விட்டு, அது அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பதே சரி.