மருந்துப் பொடிக்கு ஜன்னலோரம் வேண்டாம்!

வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டிடுச்சா? சோப்பு போட்டா மஞ்சள் கறை சிவக்குமே தவிர, லேசில் போகாது. ஆனால் அதே சட்டையைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டுப் பாருங்கள். சாயங்காலம் எடுக்கும்போது கறை மங்கியிருக்கும். கறையை மங்க வைத்தது வெயில்தான். சட்டைக்கு அது நல்லது. ஆனால் அதே வேலையை உங்கள் வீட்டு மருந்து பாட்டிலிலும் வெளிச்சம் செய்துகொண்டிருந்தால்?

அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் வாங்கி வந்த சூரணத்தை, "அழகா இருக்கட்டும்" என்று கண்ணாடி பாட்டிலில் கொட்டி, சமையலறை ஜன்னலோரம் வைத்துவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து, "இந்த மருந்து கேட்கவே இல்லையே" என்கிறோம். மருந்து பாதி வழியிலேயே வீணாகியிருக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

வெளிச்சம் என்ன செய்கிறது?

ஒளி என்பது ஆற்றலைச் சுமந்து வரும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். சிவப்பு ஒளியைவிட நீல ஒளிக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிருக்கும் ஆற்றல் அதிகம். ஒரு வேதிப்பொருள் அந்த ஆற்றலை விழுங்கும்போது, அதன் அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டு தளரும், சில சமயம் உடைந்தே போகும். பக்கத்தில் இருக்கும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொண்டால் சிதைவு வேகமெடுக்கும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியை நன்றாக விழுங்கும். அதனால்தான் அது நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெளிச்சத்தில் அது சிதைந்து வனிலின், ஃபெருலிக் அமிலம் போன்ற வேறு பொருள்களாக மாறுகிறது. நிறம் போனால் குர்குமினும் போயிற்று என்று அர்த்தம்.

மஞ்சளில் இதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. ஆனால் பல மூலிகைப் பொருள்களுக்கு நிறமே கிடையாது. அவை குறைந்தாலும் வெளியே தெரியாது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் அப்படித்தான். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால்தான் வேப்பங்கொட்டைக் கரைசலைச் சாயங்காலம் தெளிக்கச் சொல்கிறார்கள். நம் தென்மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கான ஊசி மருந்து. அதையும் வெளிச்சம் படாமல், குளிர்ச்சியில்தான் பாதுகாக்கிறார்கள்.

"மஞ்சளை வெயில்லதானே காய வைக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. ஈரோடு பக்கம் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் நாள்கணக்கில் காயப்போடுவார்கள். அங்கே காய்வது முழுக் கிழங்கு. வெளிச்சம் மேல்தோலைத் தாண்டி அதிகம் உள்ளே போகாது. ஈரம் போகாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அந்த வெயிலும் தேவை. அதே கிழங்கை அரைத்துப் பொடியாக்கினால் கதை வேறு. வெளிச்சமும் காற்றும் படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது.

இலைகளும் மெல்லியவை. அதனால்தான் துளசி, தூதுவளை போன்றவற்றை "நிழலில் உலர்த்து" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். காற்றோட்டமான நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட்டால், இலை பச்சை நிறம் அதிகம் மாறாமல் மொறுமொறுவென்று காயும்.

நீங்கள் செய்ய வேண்டியது

• மருந்தை அது வந்த டப்பாவிலேயே வையுங்கள். பழுப்பு நிற பாட்டில் அழகுக்காக அல்ல. நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் அது பெருமளவு தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி அப்படித் தடுக்காது.

• பொட்டலமாகக் கொடுத்த பொடியை, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடி, அலமாரிக்குள் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும், வண்டிப் பெட்டியிலும் வேண்டாம்.

• வேறு டப்பாவுக்கு மாற்றும் முன், லேபிளை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏதாவது சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

• நிலவேம்புக் குடிநீர் போன்றவற்றை அவ்வப்போது புதிதாகக் காய்ச்சுங்கள். குடிநீருக்கு ஆயுள் 3 மணி நேரம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. காலையில் காய்ச்சியதை ராத்திரி வரை வைத்துக் குடிக்காதீர்கள்.

• நிறம், மணம் மாறியிருந்தாலோ, கட்டி பிடித்திருந்தாலோ, பூஞ்சை தெரிந்தாலோ அந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம்.

• முக்கியமாக ஒன்று: "வீரியம் குறைஞ்சிருக்கும், ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக்கலாம்" என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். சிதைந்த மருந்தில் என்ன எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மருந்து கேட்கவில்லை என்றால், அதை எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, இரண்டாகக் கிழியுங்கள். ஒன்றை வெயிலில் போடுங்கள், இன்னொன்றை அலமாரிக்குள் காய விடுங்கள். சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். வீட்டில் மருந்து சாப்பிடும் பெரியவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஜன்னலோரத்து பாட்டில் அன்றைக்கே அலமாரிக்குள் போய்விடும்.