ஆலை மருத்துவர் யார் பக்கம்?

பள்ளிக்கரணைக்கு மேற்கேயுள்ள குரோம்பேட்டை, குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர். தோல் பதனிடப் பயன்பட்ட குரோமிய உப்புகளுள் சில, தொழிலாளியின் கையையும் துளைத்துப் புண்ணாக்க வல்லவை. ஏதோ ஓர் ஆலையில் மருத்துவர் அத்தகைய புண்ணைக் காண்கிறார் என்று கொள்வோம். களிம்பு தடவி அனுப்புவது எளிது. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இப்புண்ணைத் தன் மூன்றாம் அட்டவணையில் சேர்த்திருந்தது. இதைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு உடனே எழுத வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. எழுதினால், சம்பளம் தரும் முதலாளி முகம் சுளிப்பார். எழுதாவிட்டால், அடுத்த தொழிலாளிக்கும் அதே புண்!

இன்னொரு சங்கடம் இரகசியம். "இவனுக்கு என்ன நோய்?" என்று மேலாளர் கேட்டால், வேலைக்குத் தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்வதே முறை. வேலை போய்விடுமோ என்றஞ்சித் தொழிலாளி மருத்துவரிடமே நோயை மறைப்பதும் உண்டு.

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் புகாரையடுத்து 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் நோயுற்றோம் என்றனர் தொழிலாளர். இல்லை என்றது நிறுவனம். 591 முன்னாள் தொழிலாளருக்கான உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. இத்தகைய வழக்கில் தொழிலாளிக்கு வேண்டிய சான்று பெரும்பாலும் ஆலை மருத்துவரின் குறிப்பேட்டிலேயே இருக்கும். அக்குறிப்பேடோ கம்பெனியின் அலமாரியில்.