பேத்தி பறித்துத் தின்னும் பழம்

என் மகள்வழிப் பேத்திக்கு ஆறு வயது. பள்ளி விட்டு வந்ததும் பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல் பின்பக்கத் திண்ணைக்கு ஓடுவாள். அங்கே 18 குரோ பேக்குகளில் ஸ்ட்ராபெரி வைத்திருக்கிறேன். சிவந்த பழம் கண்ணில் பட்டால் போதும், கழுவுவதெல்லாம் கிடையாது. பறித்த கையோடு வாய்க்குள் போய்விடும்.

கோத்தகிரியில் ஜனவரி என்றால் பகலில் நல்ல வெயில், ராத்திரியில் கை விறைக்கும் குளிர். அப்படி ஒரு நாள் சாயங்காலம், "அம்மாயி, இந்த இலை ஏன் கையில ஒட்டுது?" என்று கேட்டாள். தொட்டுப் பார்த்தேன். சர்க்கரைப் பாகு சிந்திக் காய்ந்ததுபோல் பிசுபிசுப்பு. இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்திலும் இளங்குருத்தின் காம்பிலும் வெளிர்பச்சைப் புள்ளிகள் இடைவெளியில்லாமல் அப்பியிருந்தன. நடுநடுவே தவிடு தூவியதுபோல் வெள்ளைத் துகள். அது பூசணம் இல்லை, பூச்சி உரித்துப் போட்ட சட்டை. அசுவினி வந்து நாளாகியிருக்கிறது. மேலே பழத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.

அசுவினியின் பலமே அதன் பெருக்கம்தான். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் அதற்கு ஆண் துணை தேவையில்லை, முட்டையிடுவதும் இல்லை. தாய் நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி பிறக்கும்போதே அதன் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறையின் கரு வளரத் தொடங்கியிருக்கும். ஏழு முதல் பத்து நாளில் அதுவும் தாயாகிவிடும். இடம் நெருக்கடியானால் இறக்கையோடு சில பிறந்து அடுத்த தொட்டிக்குப் பறக்கும். ஊசிபோன்ற வாயைச் செடியின் சாற்றுக்குழாயில் செருகி இவை உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை அதிகம், புரதச் சத்து குறைவு. வேண்டிய சத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைப் பின்வழியே துளித்துளியாக வெளியேற்றுகின்றன. பேத்தியின் கையில் ஒட்டியது அதுதான். அப்படியே விட்டால் அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை வெயிலை வாங்க முடியாமல் போகும்.

மறுநாள் கடைவீதிக்குப் போய்க் கேட்டேன். "வேர்ல ஊத்துங்கம்மா, பல நாளைக்கு ஒரு பூச்சி கிட்ட வராது" என்று ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினார்கள். வாங்கி அட்டையைப் படித்தேன். வேர் வழியாக ஏறிச் செடி முழுக்கப் பரவும் நஞ்சு அது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் 32 வருடம் செவிலியர் வேலை பார்த்தவள். பூச்சிமருந்து குடித்து வந்தவர்களின் படுக்கை அருகே எத்தனை இரவுகள் நின்றிருக்கிறேன் என்று கணக்கில்லை. அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நஞ்சுக்கு 'மருந்து' என்று பெயர் வைத்ததே நம் பேச்சில் நேர்ந்த பெரிய பிழை என்று நினைக்கிறேன். மருந்து என்றால் கை தயங்காது. விஷம் என்று சொல்லியிருந்தால், பிள்ளை பறித்துத் தின்னும் செடியின் வேரில் யாரும் ஊற்றமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. செடி முழுக்கப் பரவும் நஞ்சு பூவுக்கும் போகும், மகரந்தத்துக்கும் போகும். ஸ்ட்ராபெரிக்குத் தேனீ வேண்டும். பழத்தின் மேல்தோலில் பதிந்திருக்கும் ஒவ்வொரு விதையும் மகரந்தம் பெற்றால்தான் அதைச் சுற்றியுள்ள சதை உப்பும். தேனீ சரியாக வராத பூ, ஒரு பக்கம் சூம்பி, கோணல் பழமாகத்தான் காய்க்கும்.

ஆக, கொல்வதை விட்டு, எதனால் வந்தது என்று தேடினேன். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கும்முன் காரணம் கேட்கிற பழக்கம். காரணம் என் கையில்தான் இருந்தது. பழம் பெரிதாக வரட்டும் என்று கடலைப் புண்ணாக்கைப் புளிக்கவைத்த தண்ணீரை வாரம் இரண்டு தடவை ஊற்றியிருந்தேன். தழைச்சத்து கூடினால் குருத்து கொழுகொழுவென்று மென்மையாக வரும், சாற்றில் சத்து ஏறும். அசுவினிக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. அன்றோடு நிறுத்தினேன். இப்போது 20 நாளைக்கு ஒரு பிடி மண்புழு உரம் மட்டும்தான்.

அடுத்தது எறும்பு. தொட்டிகள் இருந்த பலகையின் கால் வழியே சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தன. அந்தச் சர்க்கரைத் துளிக்காக எறும்பு அசுவினியை மாடு வளர்ப்பதுபோல் காத்துக்கொள்ளும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு கிட்டே வந்தால் கடித்துத் துரத்தும். எறும்பு நடமாடும் வரை எந்த வைத்தியமும் பாதிதான் பலிக்கும். சமையலறை அலமாரிக்குச் செய்வதுபோல் பலகையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த இலைகளையும் நறுக்கிவிட்டேன். ஓர் இலை சுவரைத் தொட்டாலும் எறும்புக்கு அது பாலம்.

குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள் என்று பலரும் சொல்வார்கள். சமவெளியில் கத்தரிக்கும் வெண்டைக்கும் அது சரி. விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்ப ஏறுவதில்லை. மலையில் ஸ்ட்ராபெரிக்கு அப்படியே செய்தால் வேறு வம்பு. மூடுபனியில் இலை காயாது, பழத்தில் சாம்பல் பூசணம் பிடித்து ஒரே ராத்திரியில் அழுகும். வெயில் வரும் என்று உறுதியான காலையில், பழுத்ததையெல்லாம் பறித்தபிறகு, இலைக்கு அடியில் மட்டும் தண்ணீர் காட்டுகிறேன். மற்ற நாட்களில் ஈரத்துணியும் விரலும்தான். 18 செடிகளைத் துடைக்க 20 நிமிடம் ஆகும். முதல் வாரம் தினமும் துடைத்தேன்.

அதற்கும் அடங்காத நான்கு செடிகளுக்குத்தான் சோப்புக் கரைசல். காதி சோப்பைத் துருவி, 5 கிராம் எடுத்து ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் கரைத்து, 5 மில்லி வேப்ப எண்ணெய் சேர்த்துப் பால்போல் வரும்வரை குலுக்கினேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வேலையும் செய்யாது. சோப்பு மேலே பட்ட பூச்சியை மட்டும்தான் கொல்லும், காய்ந்தபிறகு அதற்குச் சக்தி இல்லை. அதனால் அடியிலிருந்து மேலாக, பூவில் படாமல், சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும். ஆறேழு நாள் கழித்து இன்னொரு தடவை. முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். துணி துவைக்கும் தூளைக் கரைத்து அடித்தால் இலை கருகிப்போகும்.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டுத் தங்கை ஒரு காகிதத்தை ஏந்திக்கொண்டு வந்தாள். "அக்கா, இதுதான் உங்க செடிய மேயுது. மூணு நசுக்கிட்டேன், ஒண்ணு காட்டலாம்னு கொண்டாந்தேன்." காகிதத்தில் ஒரு புழு. கறுத்த உடம்பு, ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால், குட்டி முதலைபோல. எனக்கு மனம் பதறிவிட்டது. அது பொறிவண்டின் குஞ்சு. வளர்ந்த வண்டை, சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த அழகை, எல்லோருக்கும் தெரியும். குஞ்சை யாருக்கும் தெரியாது. வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்னும் பிள்ளை அது. அவளிடம் விளக்கி, இருவருமாகப் போய் அதை அசுவினி அதிகமிருந்த இலையில் விட்டோம். இலைக்கடியில் குத்துக்குத்தாக நிற்கும் மஞ்சள் முட்டைகளையும் காட்டினேன். உப்பிப் பழுப்பாகி அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினியையும் துடைத்துவிடாதீர்கள். உள்ளே ஒரு நுண்ணிய குளவியின் குஞ்சு வளர்கிறது. வட்டமாக ஓட்டை போட்டு அது வெளியே வரும்.

குளவி என்றதும் உடுமலைப்பேட்டை நினைவுக்கு வருகிறது. என் அக்கா வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புதிதாக வந்து இறங்கியபோது பப்பாளி, மரவள்ளி எல்லாவற்றோடும் மல்பெரியும் வெள்ளை பூத்துப்போனது. அடிக்கவும் முடியாது. நஞ்சு பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். "அடிச்சா புழு போச்சு, அடிக்காட்டி இலை போச்சு" என்று மாமா திண்ணையில் உட்கார்ந்து புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கடுகைவிடச் சிறிய ஒரு குளவியை விட்டபிறகுதான் அந்தப் பூச்சி அடங்கியது. மாவுப்பூச்சியும் அசுவினியைப்போல் சாறு உறிஞ்சும் இனம்தான். எந்த நஞ்சாலும் தீராததை அந்தக் குளவி தீர்த்துக் கொடுத்தது.

அந்த நம்பிக்கையில்தான் இரண்டு தொட்டியில் கடுகும் கொத்தமல்லியும் விதைத்துப் பூக்கவிட்டேன். கடுகில் பெரும்பாலும் வரும் அசுவினி வேறு இனம், ஸ்ட்ராபெரியில் குடியேறாது. பொறிவண்டு அதைத் தின்று அங்கேயே தங்கும். கொத்தமல்லிப் பூவின் தேனுக்குக் குளவி வரும்.

இரண்டு செடிகளை என்னால் காப்பாற்ற முடியவில்லை. இலை சுருங்கி மஞ்சளோடி வளர்ச்சி நின்றுவிட்டது. அசுவினி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு நச்சுயிரியையும் கடத்தும், வந்தால் வைத்தியம் இல்லை. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினேன். அப்படிப்பட்ட செடியின் ஓடுதண்டிலிருந்து நாற்று எடுக்கவே கூடாது. வெளியிலிருந்து வாங்கும் நாற்றையும் இப்போது இரண்டு வாரம் முன்வாசலில் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்கிறேன்.

மார்ச் நடுவில் பழம் திரும்ப வந்தது. அசுவினி அடியோடு போகவில்லை. தேடினால் இலைக்கு நாலைந்து கிடைக்கும். அவ்வளவு இருந்தால்தான் பொறிவண்டும் இருக்கும். பேத்தி இப்போது பழத்தைப் பறிக்கும்முன் இலையைத் திருப்பிப் பார்க்கிறாள்.

உங்கள் வீட்டிலும் செடி இருந்தால் நாளைக் காலை ஓர் இலையைத் திருப்புங்கள். கறுப்பும் ஆரஞ்சுமாக ஆறு கால் புழு ஒன்று அங்கே ஊர்ந்தால், தயவுசெய்து அதை நசுக்காதீர்கள்.